லைலா ராத்தாவின் எண்ணிக்கை

பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் காலை, பயிற்சிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயடியில் வைத்து லைலா ராத்தா முதலில் கேட்டது இதுதான்.

"வாடை இல்லாம இருந்திச்சா புள்ள?"

அலுமாரிச் சாவியை ஒப்படைக்க வந்த டொக்டர் றினோஸாவுக்கு உடனே விளங்கவில்லை.

"என்ன வாடை, ராத்தா?"

"குடல்ர வாடைதான். நாலாம் மேசைக்கு வெச்சனே, உங்கட குடல்."

"ஓம். வாடை இருக்கல்ல."

லைலா ராத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"எப்பிடி இரிக்கும்? மத்த அஞ்சயும் பச்சத் தண்ணியிலதான் அலசின. உங்கடத மட்டும் ஊட்டுக்குக் கொண்டுபோய்ச் செஞ்சன்."

"ஊட்டுக்கா? என்ன செஞ்சீங்க?"

"பெருநாளைக்குக் குடல் கறிக்குச் செய்யிற மாதிரித்தான். உள்பக்கம் வெளிய வாறாப்போல புரட்டி, கொதிதண்ணி ஊத்தி, கத்தி முதுகால சுரண்டி, உப்பும் தேசிக்காயும் போட்டு மூணு தரம் தேய்ச்ச. மஞ்சள் மட்டும் போடல்ல. போட்டா நிறம் புடிச்சிரும், சேர்மார் கண்டுபுடிச்சிருவாங்க." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மறுகா திருப்பிப் புரட்டி ஐசுக்குள்ள வெச்சிட்டன். பாத்தீங்கதானே, பஞ்சு மாதிரி வெள்ள."

றினோஸா குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு எதுவும் இல்லாததால் மூடினாள்.

"கொதிதண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் கிடந்திச்சி, ராத்தா?"

"ஒரு யாசீன் ஓதி முடிக்கிற நேரம் இரிக்கும். இல்லாட்டி வழுவழுப்புப் போகாதே. என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி இரிக்கி? றிசல்ட் வந்திட்டா?"

"வந்திட்டு."

"பாஸ்தானே?"

"இல்ல ராத்தா."

"அல்லாஹ்வே! ஏன்?"

"தையல் நிக்கல்ல. நூல் இழுக்க இழுக்கக் குடல் கிழிஞ்சிட்டு."

லைலா ராத்தா வாளியைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் கூரையில் இருந்த காகம் இரண்டு தடவை கத்திவிட்டுப் பறந்தது.

"அது நான் சுரண்டினதாலயா?"

றினோஸா சாவியைக் குழாய்க் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

*

குடல் சுவரில் நூலைப் பிடித்துக்கொள்வது நடுவே இருக்கும் மெல்லிய ஒரு படைதான். அது போய்விட்டால் எந்தக் கையாலும் தைக்க முடியாது. இது றினோஸாவுக்குத் தெரியும். கறிக்குக் குடல் துப்புரவாக்கும் கொதிநீரும் கத்தியும் கெடுப்பது அந்தப் படையைத்தான் என்பதை மட்டும் அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பெருநாளில் உம்மா அதைச் செய்யும்போது அவள் எப்போதும் பாடப் புத்தகத்தோடு உள்ளறையில் இருந்தவள்.

கல்முனை வைத்தியசாலையின் பழைய மருந்துக் களஞ்சியத்துக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் பயிற்சிக்கூடம். சத்திரசிகிச்சை நிபுணர் ஷரிபுதீன் அதைத் திறப்பதற்காக ஆறு வருடங்கள் கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையே அலைந்தவர். ஆளின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் ரப்பர் தோலிலும் மாட்டுக் குடலிலும் கையைப் பழக்க வேண்டும், பழகியதை அளக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். முன்பெல்லாம் சத்திரசிகிச்சை மேற்படிப்புக்கு ஒருவரைத் தெரிவுசெய்யும்போது, பேராசிரியரோடு தியேட்டரில் யார் நின்றார்கள், யாருடைய மகன் என்பதெல்லாம் சொல்லாமலே எடைபோடப்படும். இப்போது ஆளுக்குப் பெயரில்லை, மேசை இலக்கம்தான். கெமரா கைகளை மட்டும் பிடிக்கும், முகத்தைப் பிடிக்காது. கையுறைக்குள்ளே ஒட்டியிருக்கும் சிறு கருவி வலது கையின் அசைவுகளை எண்ணும். வெட்டிய குடலின் இரு முனைகளையும் தைத்துப் பொருத்த முப்பத்தைந்து நிமிடம். அசைவு இருநூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டும். கடைசியில் தைத்த குடலை நிற்கும் குழாயொன்றோடு பூட்டி நீல நீர் ஊற்றுவார்கள். முப்பது சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் ஏறும்வரை தையல் கசியக் கூடாது.

றினோஸா இந்த முறையை விரும்பியதற்கு அவளுக்கேயான காரணம் இருந்தது. சாய்ந்தமருதில் பலசரக்குக் கடை வைத்திருந்து காலமானவர் அவளுடைய வாப்பா. அவளுக்காகக் கதைக்க யாரும் இல்லை. அவளும் தனக்காகக் கதைக்கத் தெரியாதவள். பள்ளியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பரிசு வாங்கியிருக்கிறாள். இரண்டிலுமே அளவாகத்தான் பேசுவாள். இலக்கங்கள் அவளுக்காகப் பேசும் என்று நம்பியிருந்தாள். இந்தப் பரீட்சைக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். முதல் தடவை நேரம் போதவில்லை. இரண்டாம் தடவை அசைவுகள் பன்னிரண்டு கூடிவிட்டன. இது மூன்றாவது. அவளுக்கு முப்பத்தொரு வயது.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு மகள் இந்த வெட்டுறதும் தைக்கிறதும்? தோல் டொக்டராகினா ஆக்கள் வரிசையில நிப்பாங்க" என்று உம்மா சபியா கேட்காத கிழமை இல்லை.

"ஒரு தரம், உம்மா. கடைசித் தரம்" என்பாள் அவள்.

லைலா ராத்தாவின் முழுப்பெயர் சித்தி லைலா. நாற்பத்து நாலு வயது. மருதமுனைக் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி வீட்டுத் திட்டத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். அவரைக் கலியாணம் கட்டி மருதமுனைக்கு வந்த முபாறக் ஒலுவிலில் இருந்து படகில் மீன்பிடிக்கப் போகிறவர். துறைமுக வாயை மணல் மூடும் மாதங்களில் வீட்டில் இருந்து வலை பொத்துவார். பதினொரு வருடங்களாக லைலா ராத்தா வைத்தியசாலையில் நாட்கூலிக்கு நிற்கும் அமைய ஊழியர். நிரந்தர நியமனம் இந்த வருடம், அடுத்த வருடம் என்று பதினொரு தடவை சொல்லியாகிவிட்டது. இந்த வருடம் உண்மையிலேயே பெயர்ப்பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அவருடைய பெயர் பத்தொன்பதாவதாக இருந்தது.

பயிற்சிக்கூடம் திறந்த நாளில் இருந்து அவர் அங்கேதான். வெள்ளாப்பில், விடியும்போதே, சந்தைக்குப் போய் இறைச்சிக்கடை நூஹுவிடம் குடல் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு வருவார். அலசி, அளந்து வெட்டி, தட்டுகளில் வைப்பார். ரப்பர் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஒரு பெட்டிக்குள் குழாய்க் கருவிகளை விட்டுப் பழகும் இயந்திரத்துக்கு அவர் வைத்த பெயர் 'தகரப் பொஞ்சாதி'. "இவங்க டொக்டர்மார் முழு நாளும் அதோட மல்லுக்கட்டுறாங்க. அது ஒரு வார்த்த திருப்பிக் கதைக்கிதா பாருங்க. ஊட்ட போனா பொஞ்சாதி கதைப்பாள் எண்டுதான் இங்கயே கிடக்காங்க."

அவருடைய வயிற்றில், தொப்புளுக்குக் கீழே, தோடம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. கடைசி மகளை வெட்டி எடுத்தபோது போட்ட தையல் சீழ் பிடித்து, ஆறி, பிறகு உள்ளே விட்டுப்போன இடம். நிமிர்ந்து இருமினால் குடல் அங்கே தள்ளிக்கொண்டு வரும். பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாளி தூக்குவார். இரண்டு தடவை சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். இரண்டு தடவையும் அவர் போகவில்லை. செய்தால் ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது. அமைய ஊழியர் ஆறு கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

"தைச்சவர் அண்டைக்கு என்ன அவசரத்தில இருந்தாரோ" என்று அந்த வீக்கத்தைத் தட்டிச் சொல்வார். "கலியாண ஊட்டுக்குப் போக இருந்திருப்பார்."

*

றினோஸா கடைசித் தடவைக்காக ஐந்து மாதம் பழகினாள். வாட்டு வேலை முடிந்து பின்னேரம் நாலரைக்கு மேலே ஏறுவாள். அசைவு எண்ணும் கருவி பரீட்சை நாளைக்கு மட்டும்தான் வரும். எத்தனை அசைவு போகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது?

ஒரு நாள் பின்னேரம் லைலா ராத்தா தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னத்தப் புள்ள முணுமுணுக்கிறீங்க?"

"எண்ணுறன், ராத்தா. எண்ணினாத் தையல் புழைக்கிது. தைச்சா எண்ணிக்க புழைக்கிது."

"எதை எண்ணோணும்?"

"கை நிண்டு, திரும்ப அசைஞ்சா அது ஒண்டு."

லைலா ராத்தா ஈரக் கையைத் துடைத்துவிட்டு விரலில் இருந்த தஸ்பீஹ் மோதிரத்தைக் கழற்றினார். பொத்தானை அழுத்த அழுத்த இலக்கம் ஏறும் அந்தச் சிறிய பிளாஸ்டிக் மோதிரத்தை உம்றா போய்வந்த யாரோ கொடுத்திருந்தார்கள். தொழுகைக்குப் பிறகு அதில்தான் திக்ர் எண்ணுவார். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"வலக்கைய மட்டும்தான் எண்ணுவன். ரெண்டையும் எண்ண எனக்கு ரெண்டு தலையா இரிக்கி? தைங்க."

அன்று நானூற்றிரண்டு. ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டார். நோன்பு தொடங்கும்போது முந்நூற்றுப் பத்து. நோன்புக் காலத்தில் ஒரு நாள் வெறும் வயிற்றோடு குடலுக்கு மேலே குனிந்திருந்த றினோஸா சட்டென்று எழுந்து குழாயடிக்கு ஓடினாள். திரும்பி வந்து ஊசியை எடுத்தாள். லைலா ராத்தா அதைப் பார்த்துவிட்டார். பெருநாளுக்குப் பிறகு இருநூற்று எழுபது. பரீட்சைக்கு முந்திய வியாழன் இருநூற்று முப்பத்தொன்று.

"மாஷா அல்லாஹ்!" லைலா ராத்தா மோதிரத்தை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். "இனி அந்த மெசினும் நானும் ஒண்டுதான்."

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் இருந்து வந்த மேற்பார்வையாளர் ஒவ்வொரு மேசையாகப் போய் எழுதியிருந்ததை வாசித்தார். தரப்பட்ட குடல் துண்டில் ஏதும் குறை உண்டா? உண்டென்றால் இப்போதே சொல்லலாம், வேறு துண்டு தரப்படும். நேரம் தொடங்கிய பிறகு சொல்ல முடியாது.

றினோஸா தன் தட்டைப் பார்த்தாள். மற்ற மேசைகளில் இருந்தவை சாம்பலும் இளஞ்சிவப்புமாக இருந்தன. அவளுடையது வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டாள். கொஞ்சம் விறைப்பு. குனிந்தபோது வாடை வரவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வயிறு புரட்டவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மனத்துக்குள் சொன்னாள். கேட்டிருக்கலாம். ஒரு கையைத் தூக்கி, சேர், இது ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் போதும். ஆறு பேர் முன்னால் கையைத் தூக்குவது அவளுக்கு எப்போதும் கஷ்டம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் லைலா ராத்தா மோதிர விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார். 'குறை இல்லை' என்ற இடத்தில் றினோஸா கையொப்பம் வைத்தாள்.

முதல் தையலை இறுக்கியபோதே நூல் ஈரக் கடதாசியை அறுப்பதுபோல் அறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தினாள். அதுவும் அறுந்தது. அவளுக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை; என்ட கை, திரும்பவும் என்ட கைதான் என்று மட்டும் நினைத்தாள். இரண்டு தடவை தோற்றவளுக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டாம் மேசையில் டொக்டர் அஸ்கியின் ஊசி பிடிக்கும் கருவி டிக், டிக் என்று ஒரே சீராகப் பூட்டித் திறந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை நிமிர்ந்தாள். லைலா ராத்தாவின் விரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை நிமிர்ந்தபோது அவர் எண்ணுவதை நிறுத்தி, கையைக் கீழே போட்டிருந்தார்.

முப்பத்து நாலு நிமிடம். நானூற்றுப் பதினேழு அசைவு. நீல நீர் ஆறு சென்ரிமீற்றரில் கசிந்து தட்டெல்லாம் பரவியது. பரீட்சித்த துண்டுகளை அன்றே எரிப்பது வழக்கம். அன்றும் எரித்தார்கள்.

*

முறையீடு செய்ய ஏழு நாள் இருந்தது. குழாயடியில் கதைத்த அன்று இரவு முழுக்க றினோஸா ஒரு வரி எழுதவில்லை. யார் செய்தது என்று சொல்லாமல் எழுதினால் நம்பமாட்டார்கள். சொல்லி எழுதினால் பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் போய்விடும். எழுதாமல் விட்டால் இனி எந்தக் காலத்திலும் அவள் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அடுத்த நாள் பின்னேரம் லைலா ராத்தா வீட்டுக்கே வந்துவிட்டார். மருதமுனையில் இருந்து பஸ்ஸில் வந்து, கடற்கரை வீதியில் இருந்து நடந்து வந்திருந்தார். வீக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். உம்மா கொடுத்த பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது.

"நான் நூஹுக்கிட்டக் கேட்டன். அவருக்கே தெரிஞ்சிரிக்கி. கொதிதண்ணி பட்டா நரம்பு செத்திரும் எண்டார். மாடு வெட்டுற மனுசனுக்குத் தெரிஞ்சது, பதினொரு வருசம் ஆஸ்பத்திரியில இருந்த எனக்குத் தெரியல்ல."

"நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க, ராத்தா?"

"தெரியாம நஞ்சக் குடிச்சா ஆள் சாகாதா?" முக்காட்டால் மூக்கைத் துடைத்தார். "உங்களுக்கு அந்த வாடை ஒத்துவரல்ல. நோன்போட ஓடினீங்க. பரீட்ச நாளைக்காவது நிம்மதியாத் தைக்கட்டும் எண்டு நெனச்சன். நான் வந்து சொல்றன். என்ட பேரப் போட்டு எழுதுங்க."

"பட்டியல் இரிக்கி, ராத்தா."

"பட்டியல் பதினொரு வருசமா இரிக்கி."

உம்மா கதவடியில் நின்று சொன்னார்: "சொல்லட்டுமே மகள். உள்ளதைத்தானே சொல்லப் போறா."

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். றினோஸாவுக்கு அது தெரிந்தது. வாயும் இருந்தது. தமிழ் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் லைலா ராத்தாவின் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் வேறு தேநீர் ஊற்றி வந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லைலா ராத்தா எழுந்தார்.

முறையீட்டு விசாரணை ஷரிபுதீன் சேரின் அறையில் நடந்தது. மேசையில் இருந்த கணினித் திரையில் கொழும்பில் இருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பயிற்சிக்கூடத்துப் பொறுப்புத் தாதி உத்தியோகத்தர் ஜெஸீம் கோப்புக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார். ஆறு துண்டுகளும் ஒரே விதமாகத் தயாரிக்கப்பட்டன என்று பார்க்காமலே கையொப்பம் வைத்திருந்தவர் அவர்.

திரையில் இருந்த இருவருக்கும் தமிழ் தெரியாது. லைலா ராத்தாவுக்கு ஆங்கிலமோ சிங்களமோ தெரியாது.

"நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்க, றினோஸா. நான் சொன்னா நான் பக்கம் சாய்ஞ்சதா இரிக்கும்" என்றார் ஷரிபுதீன் சேர்.

அப்படித்தான் லைலா ராத்தாவின் வார்த்தைகள் ஒவ்வொன்றும் றினோஸாவின் வாயால் வெளியே போயின. வீட்டுக்குக் கொண்டுபோனேன். புரட்டினேன். கொதிநீர் ஊற்றினேன். சுரண்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். ஒரு யாசீன் நேரத்தை அவள் கால் மணித்தியாலம் என்று சொன்னாள். மென்மையாகச் சொல்ல அவளுக்குச் சொற்கள் தெரிந்திருந்தன. அவற்றைச் சொன்னால் தன் முறையீடு பலவீனப்படும் என்பதும் தெரிந்திருந்தது. ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் சொன்னாள்.

"வேற துண்டுகளுக்கும் இப்படிச் செய்தாரா என்று கேளுங்கள்" என்றது திரை.

"இல்ல. இந்தப் புள்ளைக்கு மட்டும்தான்."

"ஏன்?"

லைலா ராத்தா றினோஸாவைப் பார்த்தார். "அதையும் சொல்லோணுமா?" என்று கேட்டார். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. என்மேல் இருந்த விருப்பத்தால், என்று மட்டும் சொன்னாள்.

பிறகு லைலா ராத்தா மடியில் வைத்திருந்த அப்பியாசக் கொப்பியைத் திறந்து திரைக்கு நேரே பிடித்தார். மறு கையில் மோதிரம்.

"சேர், மெடம், இதையும் சொல்லுங்க புள்ள. இந்தா, அஞ்சு மாசம் நான் எண்ணினது. நானூத்தி ரெண்டில துவங்கி இருநூத்தி முப்பத்தொண்டுக்கு வந்திச்சி. ஒண்டும் கூட்டல்ல, குறைக்கல்ல. தொழுகைக்கு வுழுச் செஞ்ச சுத்தத்தோட இருந்து எண்ணின நாளும் இரிக்கி. நல்ல குடலக் குடுத்துப் பாருங்க. இன்னொருக்காத் தைக்கச் சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறன், கிட்டயும் வரல்ல."

திரையில் இருந்த பெண் புன்னகைத்தார். கேலியாக இல்லை. அதுதான் றினோஸாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இந்த முறையின் உயிரே அளப்பவருக்கு ஆளைத் தெரியாமல் இருப்பதுதான் என்று அவர் விளக்கினார். இந்த அம்மா விண்ணப்பதாரியை நேசிக்கிறார். அவருடைய எண்ணிக்கையை ஏற்க வழியில்லை. எரித்துவிட்டதால் பார்க்கத் துண்டும் இல்லை. மறுபரீட்சை வைப்பதானால் ஆறு பேருடைய முடிவையும் ரத்துச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பதாரி குறை இல்லை என்று கையொப்பமிட்டிருக்கிறார்.

"வெள்ளையா இருந்தத நீங்க கண்டீங்களா?" என்று ஷரிபுதீன் சேர் தமிழில் கேட்டார்.

"கண்டன், சேர்."

"கேட்டிருக்கலாமே மகள்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் உங்கள நம்புறன். ஆனா ஆள நம்பித் தெரிவுசெய்யக் கூடாது எண்டுதானே நான் இதக் கொண்டுவந்த."

தாழ்வாரத்தில் லைலா ராத்தா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னாங்க? அந்த மெடம் சிரிச்சாங்களே. நல்லதுதானே?"

"ஏலாதாம், ராத்தா."

திரை கடைசியாகச் சொன்ன இன்னொரு வாக்கியம் இருந்தது: திசுக்களைக் கையாள்வதற்குப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரே இனிப் பயிற்சிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதை றினோஸா மொழிபெயர்க்கவில்லை. அடுத்த கிழமை ஜெஸீம் அதைத் தன் பாணியில் சொன்னார்: "இத அடுப்படி எண்டு நெனச்சீங்களா, ராத்தா? உங்கட குடல் கறிக்கு என்ட கையொப்பம் போய் மாட்டிக்கிச்சி. நாளைக்கு வர வேணாம்." பட்டியல் கொழும்புக்குப் போனபோது பத்தொன்பதாவது இடத்தில் வேறொரு பெயர் இருந்தது.

*

மூன்று மாதம் கழித்து, சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் நாற்பத்தாறாம் இலக்கத் துண்டோடு லைலா ராத்தா உள்ளே வந்தார். மெலிந்திருந்தார். வீக்கம் மட்டும் மெலியவில்லை.

"இப்ப எனக்கென்ன, புள்ள" என்றார் கட்டிலில் ஏறிக்கொண்டே. "தூக்கிறதுக்கு வாளி இல்ல. ஆறு கிழம என்ன, அறுபது கிழமயும் படுக்கலாம்."

றினோஸா வீக்கத்தில் கை வைத்தாள். இருமச் சொன்னாள். குடல் விரல்களுக்கு எதிரே தள்ளிக்கொண்டு வந்தது; சூடாக, உயிரோடு. உள்ளே அமுக்கினாள். இந்தத் தடவை முழுதாக உள்ளே போகவில்லை. இனித் தள்ளிப்போட முடியாது.

"நோகுதா?"

"நீங்க தொட்டா நோகல்ல."

மேசைக்கு வந்து படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, முகவரி. நோய்: பழைய தையல் வழிக் குடலிறக்கம். திகதி: அடுத்த செவ்வாய். சத்திரசிகிச்சை செய்பவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இலகுவான சத்திரசிகிச்சைகளை இப்போது மேற்படிப்பின் முதல் ஆறு மாதத்தை இங்கேயே செய்துகொண்டிருக்கும் அஸ்கிக்குத்தான் ஷரிபுதீன் சேர் கொடுக்கிறார். அஸ்கிக்கு நல்ல கை. முப்பத்திரண்டு சென்ரிமீற்றர்வரை கசியாத கை. றினோஸா அன்று வாட்டில் நிற்பாள். காயக்கட்டு மாற்றுவாள், இரத்த அழுத்தம் பார்ப்பாள். அவள் அஸ்கியின் பெயரை எழுதினாள்.

லைலா ராத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தைப் பார்த்தார். றினோஸா எழுதிய பெயரின் நீளத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்து, சலாம் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து போனார். நாற்பத்தேழாம் துண்டு உள்ளே வந்தது.

அவர் கேட்டது அன்றல்ல, பரீட்சைக்கும் முன்பு. நோன்புக்கு முன், எண்ணிக்கை முந்நூற்றைம்பதில் நின்ற ஒரு பின்னேரம். றினோஸா கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். லைலா ராத்தா மோதிரத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், சுருக்குப் பையில் எதையோ தேடுகிறவர்போல் கேட்டார்:

"நீங்க பாஸ் பண்ணினாப் பிறகு என்ட வயித்தையும் நீங்கதான் தைக்கோணும் புள்ள. அதுவரைக்கும் நான் கட்டிக்கிட்டு இரிக்கன். அண்டைக்கு மட்டும் ஆரும் எண்ண வேணாம் எண்டு சொல்லிருங்க. அவசரப்படாம, ஆறுதலாத் தைங்க."